கிருஷ்ணய்யர் படத்துக்கு மாலை போட்டால் போதுமா?



2014 டிசம்பர் 4-ம் தேதி கொச்சியில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் கண் மூடினார். நூறு வயதைத் தொட்ட பெருவாழ்வு. அன்று முதல் டிசம்பர் வந்தால் நினைவுக் கூட்டங்கள் நடக்கின்றன. படத்தைத் திறக்கிறோம். ரோஜா மாலை சாத்துகிறோம். "ஏழைகளின் நீதிபதி" என்றும், "மனித உரிமைக் காவலர்" என்றும் அடைமொழிகளை அடுக்குகிறோம். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம்.

மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. தகுதியான கழுத்துக்குத்தான் போடுகிறோம். ஆனால் மாலை போட்ட மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டு வாசலில் போய் நின்று பாருங்கள். 1978-ம் ஆண்டில் கிருஷ்ணய்யர் எதைக் கூடாது என்று தீர்ப்பெழுதினாரோ, அதே காரியம் அங்கே கூசாமல் நடப்பதைப் பார்ப்பீர்கள். "உள்ளூர் ஜாமீன்தாரர் இருக்கிறாரா? இல்லையா? அப்படியானால் ஜெயிலுக்குப் போ!" இதுதான் அங்கே கேட்கும் குரல்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்களின் கழுத்துக்கு நேரே வரும் கத்தி இது. இந்தக் கத்தியைப் பற்றிப் பேசாமல் கிருஷ்ணய்யரைப் பற்றிப் பேசுவது, மருந்துச் சீட்டைப் பூஜையில் வைத்துவிட்டு நோயாளியைச் சாகவிடுவது போல. ஆகவே இந்த மாதம் அவர் புகழைப் பாடப் போவதில்லை. அவர் போட்ட ஓர் உத்தரவைப் பற்றியும், அது யாரால் எப்படிக் கிடப்பில் போடப்பட்டது என்பதைப் பற்றியும் எழுதப் போகிறேன்.

யார் இந்த மனிதர்?

இளந்தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலக்காட்டு ஐயர் குடும்பம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். தலைச்சேரியில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். மலபாரின் ஏழை விவசாயிகளுக்கும், தொழிலாளர்களுக்கும், போலீஸ் வேட்டையாடிய கம்யூனிஸ்டுகளுக்கும் வாதாடினார். அதற்குக் கிடைத்த பரிசு, 1948-ல் ஒரு மாதச் சிறை. கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தாராம்! வக்கீல் வேறு என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தார்களோ தெரியவில்லை.

அந்த ஒரு மாதம் வீண் போகவில்லை. பின்னாளில் சிறைக் கைதிகளைப் பற்றி அவர் எழுதிய தீர்ப்புகளில், கம்பிக்கு உள்ளே இருந்து வெளியே பார்த்தவனின் கண் இருக்கிறது. 1952-ல் கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். அன்று மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்தது. 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம் உள்ளிட்ட துறைகளை ஏற்றார். 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. 1968-ல் கேரள ஐக்கோர்ட்டு நீதிபதி. 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. 1980 நவம்பரில் ஓய்வு. 1987-ல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் வென்றார்; கிருஷ்ணய்யர் தோற்றார். தோற்ற பிறகும் வீட்டில் சும்மா உட்காரவில்லை. கடைசி வரை மனு எழுதினார், மேடை ஏறினார், தூக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்டவரையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1975 ஜூன் 12-ல் அலகாபாத் ஐக்கோர்ட்டு இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. கோடை விடுமுறையில் சுப்ரீம் கோர்ட்டில் தனி நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யர், ஜூன் 24-ல் நிபந்தனையோடு தடை கொடுத்தார். இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் ஓட்டுப் போடக் கூடாது என்றார். மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது. அந்தத் தடை உத்தரவு சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். வழக்கமான சட்ட நடைமுறைப்படிதான் செய்தார் என்பார்கள் சிலர். அந்த நேரத்தில் வழக்கம் போதாது என்பார்கள் வேறு சிலர். என் வாதத்துக்கு இதில் தீர்ப்பு தேவையில்லை. ஒரு மனிதரை மதிப்பது என்றால் அவர் எழுதியதைப் படித்து, சரியானதை நடைமுறைக்குக் கொண்டுவருவது. படத்துக்குச் சூடம் காட்டுவது அல்ல.

கொத்தனார் மோதிராம் வழக்கு

மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்று ஓர் ஏழைக் கொத்தனார். ஒரு வழக்கில் தண்டனை பெற்றுச் சுப்ரீம் கோர்ட்டு வரை அப்பீலுக்கு வந்தார். சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. எவ்வளவு தொகை, என்ன விவரம் என்பதைக் கீழ்க்கோர்ட்டு மாஜிஸ்திரேட் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. மாஜிஸ்திரேட் என்ன செய்தார்? பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கொண்டு வா என்றார். 1978-ல் பத்தாயிரம்! ஒரு கொத்தனார் எத்தனை வருஷம் சுவர் கட்டினால் அந்தப் பணத்தைப் பார்க்க முடியும்?

எப்படியோ மோதிராமின் அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவரையும் மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். காரணம் என்ன தெரியுமா? அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதாம்! கவனியுங்கள் தோழர்களே, வேறு நாட்டில் அல்ல. வேறு மாநிலத்தில்கூட அல்ல. வேறு ஜில்லா, அவ்வளவுதான்!

வழக்கு மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கிருஷ்ணய்யர் எழுதினார். அவருடைய இங்கிலீஷைப் படிக்க வக்கீல்களே அகராதியைத் தேடுவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் இந்தத் தீர்ப்பில் அவர் சொன்னதைப் பத்தாவது படித்தவனும் புரிந்துகொள்ளலாம். ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்பது மனச்சாட்சியை உலுக்குகிறது என்றார். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் அரசியல் சட்டம், கொத்தடிமைக்கும் நடைபாதையில் படுப்பவனுக்கும் சேர்த்துத்தான் என்றார்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் நமக்கானது. ஒரு மலையாளி, ஒரு கன்னடியர், ஒரு தமிழர், ஒரு தெலுங்கர் பஸ்தாரிலோ, போர்ட் பிளேரிலோ, பஹல்காமிலோ, டில்லி சாந்தினி சௌக்கிலோ கைதானால் என்ன செய்வார் என்று கேட்டார். வேலை தேடி வந்திருப்பார். கூட்டத்தோடு கூட்டமாக வந்திருப்பார். ஊர்வலத்துக்கு வந்திருப்பார். அந்த ஊரில் சொத்து வைத்திருக்கிற எவரை அவருக்குத் தெரியும்? இந்த ஜில்லா ஆள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? வட்டார மொழியில் இல்லாத மனுவைத் தள்ளு என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நீதிமன்றங்களே இப்படிப் பிரதேச வெறுப்புக் காட்டினால் இந்தியாவின் ஒற்றுமை நீதிமன்றத்தின் கையாலேயே உடையும் என்று எச்சரித்தார். ஜாமீன் என்றால் ஜாமீன்தாரர் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, சொந்தப் பத்திரத்திலும் விடலாம் என்று சட்டத்தை விளக்கினார். மோதிராமை ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொல்லி உத்தரவிட்டார்.

ஆங்கிலத்தில் எழுதிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில், வெளியூர் போய்ப் பிழைக்கும் தமிழனைப் பெயர் சொல்லி நினைத்துப் பார்த்த நீதிபதி எத்தனை பேர்? நம் சங்கங்களின் சுவரில் எழுதி வைக்க வேண்டிய தீர்ப்பு இது. எத்தனை சங்கங்களில் இருக்கிறது? திருவள்ளுவர் படம் இருக்கிறது, பாரதி படம் இருக்கிறது, பொங்கல் விழா போட்டோ இருக்கிறது. மோதிராம் எங்கே?

இன்று நடப்பது என்ன?

ஒரு டீக்கடைப் பையனையோ, தள்ளுவண்டியில் இட்லி விற்பவரையோ அடிதடி வழக்கு, சந்தேக வழக்கு என்று பிடித்துப் போகிறார்கள். சின்ன வழக்குதான். மாஜிஸ்திரேட் ஜாமீனும் கொடுத்துவிடுகிறார். "பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பத்திரம், அதே தொகைக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவர்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் ஜாமீன் செத்துப் போகிறது.

ஜாமீன்தாரர் என்று ஒருவர் வந்தால் ரேஷன் கார்டு கேட்பார்கள், வீட்டு வரி ரசீது கேட்பார்கள். சம்பளச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தாசில்தாரிடம் சால்வென்ஸி சர்டிபிகேட் வாங்கி வரச் சொல்வார்கள். குடிசையில் இருப்பவனுக்கு வீட்டு வரி ரசீது ஏது? பையனின் ரேஷன் கார்டு விழுப்புரத்திலோ சங்கரன்கோவிலிலோ அம்மாவிடம் இருக்கும். அங்கே மாமன் ஒருவருக்கு அரை ஏக்கர் புஞ்சை இருக்கும். அந்தப் புஞ்சை இந்தக் கோர்ட்டுக்குச் செல்லாது. "வேறு மாநிலம், விசாரிக்க முடியாது" என்பார் குமாஸ்தா. மோதிராமுக்குச் சொன்னது வேறு ஜில்லா. நமக்குச் சொல்வது ஆயிரம் மைல்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் என் போன்றவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? டிக்கெட் ரிசர்வேஷனுக்கு மட்டும் அல்ல. எங்கள் பே ஸ்லிப்புக்காக! மத்திய சர்க்கார் சம்பளச் சீட்டு கோர்ட்டில் செல்லும். ஒரு மனிதனின் சுதந்திரம், இன்னொரு மனிதனின் பே ஸ்லிப்பில் தொங்குகிறது. எங்களில் ஒருவர் ஒன்றிரண்டு பேருக்கு நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் "இவர் வாடகை ஜாமீனோ?" என்று கோர்ட்டே சந்தேகப்படும்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறான். முன்பின் தெரியாத ஓர் ஆளைக் கூட்டி வந்து, கைதியின் நெருங்கிய நண்பர் என்று கையெழுத்துப் போட வைப்பான். அதற்கு ஒரு தொகை. அந்தத் தொகைக்குப் பெண்டாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போகும். சட்டத்தை நம்பி உண்மையைச் சொன்னவன் உள்ளே இருக்கிறான். பணம் கொடுத்துப் பொய்யை வாங்கியவன் வெளியே வருகிறான். நேர்மையானவனைத் தண்டித்து மோசடியை வளர்க்கும் ஏற்பாடு இது.

தோடும் இல்லாதவன் என்ன செய்வான்? ஜெயிலில் கிடப்பான். பத்து நாளில் வேலை போகும். ஒரு மாதத்தில் குடிசை போகும். கடைசியில் யாராவது காதில் ஓதுவார்கள்: "குற்றத்தை ஒப்புக்கொள், இருந்த நாளைக் கழித்துக்கொண்டு அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்." செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம், செய்யவில்லை என்று சொன்னால் ஜெயில்! இதற்குப் பெயர் நீதி என்றால் அநீதிக்கு என்ன பெயர் வைப்பது?

இது ஏதோ பத்துப் பதினைந்து பேர் கதை அல்ல. 2022 டிசம்பர் இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட சர்க்கார் கணக்கு. ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்று கிருஷ்ணய்யர் 1977-ல் பால்சந்த் வழக்கில் எழுதினார். நாடு அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறது.

சட்டம் இல்லையா?

சட்டம் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஜாமீன் தரத்தக்க குற்றத்தில் கைதான ஏழையை ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பத்திரத்தில் விட்டே ஆக வேண்டும் என்று 2005-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவன் ஏழைதான் என்று கோர்ட்டே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் விளக்கம் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இது 478-வது பிரிவாக இருக்கிறது. பத்திரத் தொகை அளவுக்கு மிஞ்சக் கூடாது என்று 484-வது பிரிவு சொல்கிறது.

2023 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் வழிகாட்டியது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருப்பதற்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பது ஒரு காரணம், அந்த நிபந்தனையை விதிக்காமல் விடலாம் என்றது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், ஜெயில் சூப்பிரண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 1978-ல் கிருஷ்ணய்யர் ஒரு கொத்தனாருக்காகச் சொன்னதை, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே கோர்ட்டு மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னதைக் கீழே யாரும் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இரண்டாம் தடவையும் "கட்டாயம்" என்று சொல்லாமல் "விடலாம்" என்று மெல்லச் சொன்னதில்தான் பழைய பழக்கம் மூச்சு வாங்குகிறது.

அதே 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. கிடைக்கிறவன் வாங்கிக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் யோசித்துப் பாருங்கள். சுதந்திரத்துக்கு ஒரு விலைச் சீட்டு ஒட்டுவது சர்க்கார் கோர்ட்டு. அந்த விலையைக் கொடுப்பது சர்க்கார் கஜானா. சீட்டைக் கிழித்துப் போட்டால் தீர்ந்துபோகும் காரியத்துக்கு ஒரு கமிட்டி, ஒரு மனு, ஒரு ஃபைல்! உள்ளூர் ஆள் வேண்டும் என்ற நிபந்தனைக்கோ இந்தப் பணத்தாலும் பதில் கிடையாது. நாற்பதாயிரம் ரூபாயால் ஒரு மாமனை உள்ளூர்க்காரனாக்க முடியுமா?

"ஓடிப் போய்விடுவார்கள்!"

இப்படிச் சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரன், வேர் இல்லாதவன், ரயிலேறி ஓடிவிடுவான் என்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். விஜய் மல்லையாவுக்கு வேர் இல்லையா? முகவரி இல்லையா? 2016 மார்ச்சில் விமானம் ஏறிப் போனார். நீரவ் மோதிக்குச் சொத்து இல்லையா? 2018 ஜனவரியில் போனார். இருவரையும் 2019-ல் கோர்ட்டே தலைமறைவுப் பொருளாதாரக் குற்றவாளி என்று அறிவித்தது. சொத்து ஓடாமல் பிடித்து வைக்கும் என்றால் இவர்களை ஏன் பிடித்து வைக்கவில்லை? ஓடுவதற்கும் காசு வேண்டும் ஐயா! தினக்கூலிக்காரன் எங்கே ஓடுவான்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. அவன் போகும் இடம் இரண்டுதான்: வேலைத்தலம், அல்லது சொந்தக் கிராமம். இரண்டுமே போலீசுக்குத் தெரியும்.

இதற்கும் கிருஷ்ணய்யர் அன்றே பதில் சொல்லியிருக்கிறார். ஒருவன் கோர்ட்டுக்கு வருவதற்குச் சிறந்த உத்தரவாதம் பணம் அல்ல, சட்டத்தின் நீளமான கைதான் என்றார். சம்மனையும் வாரண்டையும் ஒழுங்காக அனுப்பத் தெரியாத நிர்வாகம், தன் கையாலாகாத்தனத்துக்கு ஏழையைப் பிணையாகக் கேட்கிறது.

நம் வீட்டுக் குப்பை

கோர்ட்டை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி நியாயம். நம்மையும் கொஞ்சம் பார்ப்போம்.

"சங்கம் இதில் எல்லாம் தலையிடக் கூடாது. போலீஸ் கேஸ் நமக்கு எதற்கு? பேர் கெட்டுவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. இவர்களே டிசம்பரில் முன்வரிசையில் உட்கார்ந்து கிருஷ்ணய்யர் நினைவுக்குக் கைதட்டுகிறார்கள். போலீஸ் கேஸுக்கு உள்ளே போய்த்தான் ஐயா அவர் கிருஷ்ணய்யர் ஆனார்! பேர் கெடும் என்று ஒதுங்கியிருந்தால் தலைச்சேரியில் நாலு வீடு கட்டியிருப்பார். படம் திறக்க நமக்கு ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

"நமக்கு என்ன அதிகாரம்? நாம் அங்கீகாரம் பெற்ற யூனியனா?" என்பது அடுத்த சாக்கு. ரயில்வேத் தோழர்கள் 1980-ம் ஆண்டின் சோஷித் கர்மசாரி சங்க வழக்கை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினருக்குப் பதவி உயர்வில் இட ஒதுக்கீடு தரும் ரயில்வே போர்டு உத்தரவுகளை எதிர்த்து, அங்கீகாரம் இல்லாத ஒரு சங்கம் வழக்குப் போட்டது. அந்தச் சங்கத்தின் கோரிக்கையைக் கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. இட ஒதுக்கீட்டை நிலைநிறுத்தினார். ஆனால் அங்கீகாரம் இல்லை என்பதற்காகக் கதவைச் சாத்தவில்லை. பொதுக் குறைக்காகக் கூட்டாக வருகிற எவருக்கும் கோர்ட்டுக் கதவு திறக்க வேண்டும் என்றார். எதிர்க்கருத்துக்காரனுக்கும் திறந்த கதவு அது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து 1979-ல் தீர்ப்பளித்தது கிருஷ்ணய்யர் அமர்ந்த பெஞ்சு. மரணக் கொட்டடியில் இருந்தவன் இன்னொருவனுக்காகப் பேனா எடுத்தான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒரு தபால் அட்டை எழுத முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். "கிருஷ்ணய்யர் நம்மவர், நம் சென்னையில் படித்தவர், தமிழனுக்காகப் பேசினார்" என்று சிலர் மார்தட்டுகிறார்கள். அவர் தமிழனுக்காக மட்டும் பேசவில்லை. எந்த ஊரிலும் வெளியூர்க்காரனாக நிற்பவனுக்காகப் பேசினார். 1960-களின் கடைசியில் பம்பாயில் "மதராஸி" என்று நம்மவர்களை விரட்டியபோது நாம் எந்த நியாயத்தைக் கேட்டோமோ, அந்த நியாயத்தைத்தான் இன்று திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பனியன் கம்பெனியிலும் ஃபவுண்டரியிலும் வேலை செய்யும் பீகார்க்காரனும் ஒடிசாக்காரனும் கேட்கிறான். அவன் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் நின்றால் அவனுக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் யார்? அவனைப் பார்த்து "வடக்கன்" என்று பழிக்கும் வாயால் நாம் இங்கே மோதிராம் தீர்ப்பைப் பேச முடியுமா? பேசினால் அந்தத் தீர்ப்பே நம் முகத்தில் துப்பும். இங்கே நமக்குக் கேட்பதை அங்கே அவனுக்கும் கேட்க வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

செய்ய வேண்டியது

வெறும் ஆவேசம் சோறு போடாது. சங்கங்கள் உடனே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

ஒன்று: ஒவ்வொரு கிளையிலும் ஜாமீன் நிற்கச் சம்மதிக்கும் மாதச் சம்பளக்காரர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். ரயில்வே, தபால், துறைமுகம், பாங்கி, முனிசிபாலிட்டி என்று நம்மவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஒருவர் ஓர் ஆண்டில் ஒருவருக்கு நின்றால் போதும். புரோக்கரின் கடை காற்று வாங்கும். ஆளைப் பற்றி விசாரித்து, குடும்பத்தாரைப் பார்த்துப் பேசி, பொறுப்போடு நிற்க வேண்டும்.

இரண்டு: அது தற்காலிகக் கைத்தாங்கல்தான். உண்மையான கோரிக்கை, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பத்திரத்தில் விடு என்பது. நம் வக்கீல் தோழர்கள் ஒவ்வொரு ஏழைக் கைதிக்கும் 478-வது பிரிவையும், மோதிராம் தீர்ப்பையும், 2023 ஜனவரி உத்தரவையும் சுட்டி எழுத்தில் மனுப் போட வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்தில் கேட்டால்தான் மறுப்பும் எழுத்தில் வரும். எழுத்தில் வந்த மறுப்பைத்தான் மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியும்.

மூன்று: இந்த மூன்றையும் தமிழிலும், இந்தியிலும், அந்தந்த ஊர் மொழியிலும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு, கையிருப்பு இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்க வேண்டும். "ஏழு நாளில் வெளியே வரவில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு எழுது" என்று அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இலவசச் சட்ட உதவி பிச்சை அல்ல. கிருஷ்ணய்யர் தலைமையிலான கமிட்டி 1973-ல் கொடுத்த அறிக்கை வழிகாட்டியது. 1976-ன் 42-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவைச் சேர்த்தது. 1987-ல் தனிச் சட்டமே வந்தது. அது நம் உரிமை. உரிமையைக் கேட்கக் கூச்சம் எதற்கு?

நான்கு: கணக்கு வைக்க வேண்டும். எந்த மாதத்தில் எத்தனை பேருக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லை என்று வெளியே வர முடியவில்லை, எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம். ஓர் ஆண்டு நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால், அதைக் கொண்டு ஐக்கோர்ட்டுக்கே மனு எழுதலாம். சங்கத்துக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

அடுத்த டிசம்பரிலும் படம் திறப்போம், மாலை போடுவோம். ஆனால் மேடையில் தலைவர் பேசி முடித்ததும் செயலாளர் எழுந்து அந்த நோட்டுப் புத்தகத்தைப் படிக்கட்டும். இந்த ஆண்டில் நாம் வெளியே கொண்டுவந்தவர்கள் இத்தனை பேர், இன்னும் உள்ளே இருப்பவர்கள் இத்தனை பேர் என்று சொல்லட்டும். அந்தக் கணக்கைச் சொல்ல முடியாத சங்கம், கிருஷ்ணய்யர் பெயரில் கூட்டம் போடாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.